முதலாளி வராத ஞானஸ்நானம்

கோயிலில் மணியடித்து எடுபிடி வேலை பார்க்கிற கோயில்பிள்ளை மூன்றாவது முறையாக வாசல் வரைக்கும் போய், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"காரு ஒண்ணியும் காணோம் சாமி."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தது. ஐந்தாகப் போகிறது. ராயபுரத்தில் எங்கள் கோயிலின் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். என் மனைவி ரெஜினாவின் அக்கா லூர்து, ஞானத்தாயாக நிற்க வந்தவள், என் மகளைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்து பத்து நாள். பசியில் கத்திக் கத்தி முகம் சிவந்து போயிருந்தது.

ரெஜினா வரவில்லை. அந்தக் காலத்தில் பெற்றவள் ஞானஸ்நானத்துக்கு வரமாட்டாள். பிள்ளை மட்டும் கோயிலுக்குப் போய்ப் பெயரோடு வீடு திரும்பும்.

எங்களுக்கு இரண்டு அடி பின்னால், தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு, ஏற்றாத மெழுகுவத்தி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் நண்பன் சூசை நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே வந்திருந்தான்.

பெரிய சாமியாருக்கு அப்போதே எழுபது இருக்கும். அங்கிப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். உள்ளே போட்டார். ஒரு சிட்டிகை மூக்குப்பொடி இழுத்துக்கொண்டார்.

"யாருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் இராயப்பா?"

"சேவியர் முதலாளி சாமி. ஞானத் தகப்பனா நிக்க ஒத்துக்கினாரு. வந்துகினே இருப்பாரு."

அவர் வரமாட்டார் என்பது அரைமணி நேரத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கோயிலுக்குள் நின்றுகொண்டு, சாமியாரிடம், பொய் சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பாதி ஆத்திரம் சேவியர் முதலாளி மேல். மீதிப் பாதி யார் மேல் என்பதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கையைப் பார்த்து ஓட்டுவது

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டினவன். கப்பலின் மேல்தட்டில் இருக்கிற அந்த இயந்திரம்தான் அடியிலிருந்து மூட்டைகளைத் தூக்கி வெளியே எடுக்கும்.

அதை ஓட்டுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆழத்தில் ஆட்கள் கோதுமை மூட்டைகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். மேலே, திறப்பின் விளிம்பில் ஒருவன் நின்று, கீழே குனிந்து பார்த்துக் கை காட்டுவான். உள்ளங்கை மேலே போனால் தூக்க வேண்டும். கீழே போனால் இறக்க வேண்டும். முஷ்டி மூடினால் நிறுத்த வேண்டும். நாள் முழுக்க நான் பார்ப்பது அந்த ஒரு கையை மட்டும்தான்.

எனக்குக் கை காட்டினவன் சூசை. வலது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். ஒரு பழைய கப்பல் மீதியை எடுத்துக்கொண்டது. வெயில் கண்ணைக் குத்தினாலும் அந்தக் குட்டை விரலை வைத்து அவன் கைதான் என்று கண்டுபிடித்துவிடுவேன். நான் கண்ணிமைத்தால் சரக்கு அவன் மண்டையில் இடிக்கும். அவன் கண்ணிமைத்தால் கீழே நாலு பேர் போவார்கள். இப்படி ஆறு வருஷம் ஓட்டினோம். தோஸ்து என்று எங்கள் பக்கத்தில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு அது வேலையே.

ரெஜினாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த கையோடு போய்விட்டன. மூன்றாவது முறை அவள் முழுகாமல் இருந்தபோது, ஈஸ்டருக்கு முந்தின தபசுக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சூசை வேலைக்கு வரவில்லை. மறுநாள் நொண்டிக்கொண்டே வந்தான். ராயபுரத்திலிருந்து பரங்கிமலை மாதா கோயில் வரைக்கும் வெறுங்காலோடு நடந்து போய் வேண்டிக்கொண்டு, அப்படியே நடந்து திரும்பியிருக்கிறான். அவன் சொல்லவில்லை. அவன் பெண்சாதி சொல்லித்தான் தெரியும். அவர்களுக்கும் பிள்ளையில்லை. அவன் தனக்காக ஒருநாளும் அந்த மலைக்கு நடந்ததில்லை.

அன்றைக்கு மேல்தட்டில் வைத்தே அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொறந்தா நீதாண்டா ஞானத் தகப்பன்."

"பெர்ய வார்த்த சொல்ட்டே ராயப்பா. அப்பால மாத்தக் கூடாது."

"மாத்தினா என் நாக்கு அழுகிடும்டா."

நாக்கு அழுகவில்லை. இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது. நான்கு பேர் கூடுகிற இடத்தில் ஜெபம் சொல்ல என்னைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள்.

"பாக்கலாம்பா"

சேவியர் முதலாளி கப்பல் சரக்கு இறக்கும் கான்டிராக்டர். எங்களுக்கு வேலை கொடுப்பவர். கொடுப்பவர் என்றால், காலையில் துறைமுக வாசலில் அவருடைய மேஸ்திரி நின்று பெயர் கூப்பிடுவான். பெயர் வந்தவன் உள்ளே போகலாம். வராதவன் கல்மண்டபம் பக்கம் ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எங்களுக்கெல்லாம் இருந்த ஒரே கனவு, பெயர் கூப்பிடாமலே உள்ளே போகிற நிரந்தர வேலை.

கோயிலில் முதல் பெஞ்சு அவருடையது. அதில் மட்டும் மெத்தை இருக்கும். திருவிழாக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். எங்கள் கோயில் புனிதரான அர்ச்சிஷ்டவர் தேரில் ஏறினால் வடத்தை முதலில் தொடுவது அவர். தொட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். மீதித் தெருவெல்லாம் இழுப்பது நாங்கள்.

என் மகள் பிறந்த செய்தியைச் சொல்லப் போனபோது கோயில்பிள்ளைதான் காதைக் கடித்தார்.

"ஞானத் தகப்பன்னா புள்ளைக்கு ஒரு ஒசந்த எடம் வாணாமா? சூசை இன்னாத்த தூக்கிக் குடுத்துடப் போறான்? அவனே அன்னாடங்காச்சி. சேவியர் மொதலாளியக் கேளு. ஒரு வார்த்த சொன்னார்னா உன் பொயப்பு நிமிந்துடும்."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எரிகிற அடுப்பில் அவர் ஒரு சுள்ளியைச் செருகினார், அவ்வளவுதான். அடுப்பு என்னுடையது.

முதலாளி வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கைகட்டி நின்று விஷயத்தைச் சொன்னேன். பேப்பர் இறங்கவில்லை. ஒரு பக்கம் திருப்பினார்.

"பாக்கலாம்பா" என்றது பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

இந்தப் 'பாக்கலாம்பா'வை நான் 'சரி' என்று மொழிபெயர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வருகிற வழியெல்லாம் நிரந்தரமான ஆளைப் போல நடந்தேன்.

சூசையிடம் சொன்னதை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது. நேராகச் சொல்ல எனக்குத் துப்பில்லை. "ரெஜினா வூட்ல பெரியவங்க ஒத்த கால்ல நிக்கிறாங்கடா, மொதலாளியத்தான் வைக்கணுமாம்" என்று புளுகினேன்.

அவன் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டான்.

"நல்லதுதாம்பா. புள்ளைக்கு ஒரு ஆதரவு ஆச்சு" என்றான். பிறகு விளிம்பில் ஏறி நின்று கை காட்டினான். அன்றைக்கும் முந்நூறு மூட்டைக்குக் குறையாமல் எடுத்தோம்.

வவ்வால் மீன்

நடுவில் என் ஞானத் தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் காசிமேட்டில் கட்டுமரம் தள்ளினவர். எனக்கு ஒசந்த இடமெல்லாம் அவர் தரவில்லை. வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இரண்டு வவ்வால் மீனை ஓலையில் கோத்து எடுத்துக்கொண்டு வருவார். ஞாயிறு பூசைக்குப் போகாமல் பட்டம் விட்டேன் என்று தெரிந்தால் காதைப் பிடித்துத் தெரு முழுக்க இழுத்துக்கொண்டு போவார். என் அப்பா குடித்துவிட்டு வந்த நாட்களில் நான் படுத்தது அவர் வீட்டுப் பாயில்.

ஞானத் தகப்பன் என்றால் இதுதான். பெற்றவன் தவறினால் பிடித்துக்கொள்ள ஒரு கை. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் குப்பத்துச் சனங்களுக்கு இது தெரிந்திருந்தது. இப்போது பார்க்கிறேன். ஞானஸ்நானப் பத்திரிகை அடிக்கிறார்கள். அதில் ஞானத் தகப்பன் பெயருக்குக் கீழே அவருடைய உத்தியோகம், கம்பெனி எல்லாம் தங்க எழுத்தில் வருகிறது. பிள்ளையின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு வீட்டில் வெட்கமில்லாமல் என்னிடமே சொன்னார்கள்: "எதிர்காலத்துக்கு யூஸ் ஆகுமே சார்." எதற்கு ஞானஸ்நானம்? ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே.

நான் கத்துவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. அதனால்தான் இவ்வளவு சத்தமாகக் கத்துகிறேன்.

தொட்டியருகே

"ஞானத் தகப்பன் இல்லாமல் நடத்த முடியாது" என்றார் சாமியார். "எனக்கு ஆறு மணிக்கு ஆசீர்வாதம் இருக்கிறது. யாராவது நில்லுங்கள்."

வராதவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கலாம் என்று எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் இல்லாத சித்தப்பாவுக்குப் பதிலாக மாமன் நிற்பான். பிள்ளையை ஏந்துவது இவன், ஏட்டில் எழுதுவது அவர் பெயரை. அது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். தூண் அருகே சூசை. கொடுத்த வாக்கைப் பிடுங்கிக்கொண்ட வாயாலேயே அவனைக் கூப்பிட்டேன்.

"டேய், முதலாளிக்குப் பதிலா நீ வந்து நில்லுடா."

வேறு எவனாக இருந்தாலும் மெழுகுவத்தியை என் முகத்தில் வீசிவிட்டுப் போயிருப்பான். சூசை வந்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கிக்கொண்டான். கத்திக்கொண்டிருந்த பிள்ளை அந்தக் குட்டை விரலைப் பிடித்துக்கொண்டு அடங்கியது.

"பசாசையும் அதன் ஆடம்பரங்களையும் விட்டுவிடுகிறாயா?" என்று சாமியார் கேட்டார். பிள்ளைக்காக ஞானத் தகப்பன் பதில் சொல்ல வேண்டும்.

"வுட்டுர்றேன் சாமி" என்றான் சூசை. விடுவதற்கு அவனிடம் எந்த ஆடம்பரமும் இல்லை. ஆடம்பரம் உள்ளவர் வரவில்லை.

தண்ணீர் ஊற்றி, பிலோமினா என்று பெயர் வைத்தாயிற்று. சாமியார் மேசைக்குப் போய் ஏட்டைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வெளியில் ஒரு ஹாரன் சத்தம். முதலாளியின் கார் என்று நினைத்து நான் பிடரியில் கால்பட ஓடினேன். தெருமுனை வரைக்கும் போனேன். மீனுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போன லாரி.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது எழுதி முடிந்துவிட்டது. சூசை விரலில் ஒட்டின மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டிருந்தான். பதிலாக நின்றதற்குக் கையெழுத்துப் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"முதலாளி பேரு சரியா எழுதினீங்களா சாமி?"

சாமியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"எழுத வேண்டியதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்" என்றார்.

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஒரு சேவலும் ஒரு பெட்டி மிட்டாயும் வாங்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். என் பெயர் இராயப்பன். அந்தப் பெயருக்குரிய அர்ச்சிஷ்டவரும், வேதத்தில், தன் சிநேகிதரான ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவர்தான். அவருக்குச் சேவல் கூவியதும் அழுகை வந்துவிட்டது. என் சேவல் கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வந்தது. கூவவில்லை.

"ஞானஸ்நானம் முடிஞ்சிதுங்க முதலாளி. உங்க பேர எழுதிட்டாங்க."

"அப்படியா, நல்லது" என்றார். சேவலை உள்ளே கொடுக்கச் சொன்னார். நான் படியிறங்கும்போதுதான் கேட்டார்: "பையனா, பொண்ணா?"

இற்றுப்போன கயிறு

முதலாளி எனக்காக அந்த ஒரு வார்த்தையை யாரிடமும் சொல்லவில்லை. பிலோமியின் பிறந்த நாள் அவருக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்குப் புதுப் பாவாடை வாங்கி வந்தது சூசை. தேர்த் திருவிழாவில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது சூசை. தொண்டை அடைப்பான் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நானும் ரெஜினாவும் அசந்த நேரங்களில் விசிறிக்கொண்டிருந்தது அவனும் அவன் பெண்சாதியும். நான் மட்டும் கேட்கிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணுக்கு சேவியர் முதலாளிதான் ஞானத் தகப்பன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவளுக்கு நாலு வயதிருக்கும்போது கயிறு அறுந்தது. பாதி வழியில் வந்துகொண்டிருந்த மூட்டைகள் கீழே விழுந்தன. முனுசாமி என்பவருக்குக் கால் நசுங்கிவிட்டது. நல்ல மனுஷன், பிறகு அவர் கட்டையோடுதான் நடந்தார்.

துறைமுக அதிகாரி ஒருவர் விசாரணை வைத்தார். கயிறு இற்றுப்போனது என்று தெரிந்தால் முதலாளிக்குக் கஷ்டம். விஞ்சு ஓட்டினவன் கையைப் பார்க்காமல் வெடுக்கென்று இழுத்துவிட்டான் என்றால் எனக்கு மட்டும்தான் கஷ்டம். வேலையும் போகும், ஒருவேளை கேஸும் வரும். முதல் நாளே மேஸ்திரி சூசை வீட்டுக்குப் போயிருக்கிறான். 'நிறுத்தச் சொல்லிக் கை மூடினேன், அவன் பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லு. அடுத்த மேஸ்திரி நீதான்' என்று சொல்லியிருக்கிறான்.

இந்த மேஸ்திரியை அனுப்பினவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நான் ஊரெல்லாம் சம்பந்தம் கொண்டாடிய என் மகளின் ஞானத் தகப்பன்.

விசாரணையில் முதலாளியும் உட்கார்ந்திருந்தார். சூசை சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

"நான் கை மூடல சார். தூக்குன்னுதான் காட்டினேன். அவன் ஒயுங்காத்தான் தூக்கிகினு இருந்தான். கயிறு இத்துப்போயி கீது. போன வாரமே மேஸ்திரிகிட்ட சொன்னேன். இந்தக் கப்பல் முடியட்டும்னாரு."

அவ்வளவுதான். என் வேலை தப்பியது. திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி எல்லார் பெயரையும் கூப்பிட்டான். சூசை பெயரைக் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கப்புறம் என்றைக்குமே இல்லை. ஒரு வாரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பேசின் பிரிட்ஜ் யார்டில் வேகனிலிருந்து நிலக்கரி தள்ளப் போய்விட்டான்.

அந்த ஒரு வாரமும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். 'அவன் இல்லாமல் நானும் இல்லை' என்று ஒரு நாளாவது வாசலில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பிறகு எங்களை நிரந்தரமாக்கியது சங்கம் நடத்திய போராட்டம். அதில் முதலாளிக்கு ஒரு பங்கும் கிடையாது.

விசாரணைக்கு அடுத்த ஞாயிறும் முதல் பெஞ்சில் மெத்தை இருந்தது. தேர்ச் சக்கரம் பழுதுபார்த்துக் கொடுத்ததற்காக முதலாளிக்குப் பிரசங்கத்தில் நன்றி சொன்னார்கள். கால் போன முனுசாமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பெயரை அடியுங்கள்"

பிலோமிக்கு ஒன்பது வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் முறை வந்தது. அந்த வருஷத் திருவிழாவுக்கு ஆயர் வந்திருந்தார். முதலாளி என்னைக் கை நீட்டிக் கூப்பிட்டார். பிலோமியின் தலையில் மோதிரக் கையை வைத்துக்கொண்டு ஆயரிடம் சொன்னார்: "நம்ம தொழிலாளி பிள்ளை. நான்தான் ஞானத் தகப்பன். நமக்கு ஏழை பணக்காரன் வித்தியாசமெல்லாம் கிடையாது."

அவள் பெயர் என்ன என்று ஆயர் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒன்பது வருஷம் பிந்தி ஏறியது. புதுநன்மைக்கு முன்னால் கோயில் வாசலில் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். பிள்ளை பெயர், பெற்றோர் பெயர், ஞானத் தகப்பன் பெயர். அந்த ஆளின் பெயர் என் மகள் பெயருக்குப் பக்கத்தில் தொங்கக் கூடாது என்று சனிக்கிழமை சாமியார் அறைக்குப் போனேன். பெரிய சாமியார் இறந்து வெகுநாளாகியிருந்தது. இருந்தவர் இளவயசுக்காரர்.

"சேவியர் பெயரை அடிச்சிட்டு சூசை பெயரை எழுதுங்க சாமி."

"அப்படியெல்லாம் மாற்ற முடியாது. ஞானஸ்நான ஏட்டில் எழுதினது எழுதினதுதான்."

"வந்தவன் பேரு ஏட்டுல இல்ல. வராதவன் பேரு ஏட்டுல கீது. இது இன்னா நாயம் சாமி? பிள்ளையத் தூக்கினது அவன். பதில் சொன்னது அவன். எங்க குடும்பத்துக்காக வேலைய உட்டதும் அவன். முதல் பெஞ்சுல குந்தினவருக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டு, தூண்கிட்ட நின்னவனுக்கு இன்னா குடுத்தீங்க?"

என் சத்தத்தில் கோயில்பிள்ளை கதவருகே வந்து நின்றுவிட்டார். சாமியார் எழுந்து, பழைய ஏட்டைத் தூசி தட்டி எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து, ஏட்டை என் பக்கமாகத் திருப்பினார்.

பிலோமினா. தகப்பன், இராயப்பன். தாய், ரெஜினா. ஞானத்தாய், லூர்து. ஞானத் தகப்பன், சூசை. பக்கத்தில் அவனுடைய கையெழுத்து, கோணலாக, மை சிந்தி.

சேவியர் என்ற பெயர் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

பேசின் பிரிட்ஜில்

நேராக யார்டுக்குப் போனேன். சூசை வேகனுக்கு மேல் நின்று மண்வெட்டியால் கரி தள்ளிக்கொண்டிருந்தான். கண்ணும் பல்லும்தான் வெள்ளை. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தான்.

"இன்னா நைனா, வூட்ல எல்லாம் சொகமா?"

"கோயில் ஏட்டப் பாத்துட்டு வரேன்."

மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"பாத்துட்டியா."

"இன்னாடா நடந்துச்சு அன்னிக்கி?"

"நீ காருன்னுட்டு ஓடிட்டே. சாமி பேனாவத் தொறந்துகினு எங்கிட்ட கேட்டாரு, 'சேவியர் உன்ன அனுப்பினாரா'ன்னு. இல்ல சாமின்னேன். 'பதிலா நிக்கணும்னா அவுரு வாயால சொல்லி அனுப்பணும், இல்லாங்காட்டி அது செல்லாது. நீ யாருக்காவ நின்னே'ன்னாரு. புள்ளைக்காவன்னேன். அவுரு எய்திட்டாரு. கையெய்த்துப் போடுன்னாரு, போட்டேன்."

"ஒம்போது வருசமா ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே." கரிக் கையால் நெற்றியைத் துடைத்தான். "நீ சேவலத் தொங்க வுட்டுகினு சந்தோசமாப் போனே. வயில நிறுத்தி இத்த எப்டி சொல்றது?"

அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. "நாளிக்கிப் பூசைக்கு வந்துடுறா" என்றேன். "வராம? ஞானத் தகப்பன் வராம அவளுக்கு யாரு சிலுவ போடுவா?" என்று சிரித்தான்.

மறுநாள் பூசை முடிந்ததும் பிலோமி முக்காட்டோடு அவன் முன்னால் மண்டியிட்டாள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத கரி நகக்கண்ணில் இருந்தது. அந்தக் கையால் அவள் நெற்றியில் சிலுவை போட்டான். முதலாளி வாசல் பட்டியலை இரண்டு தரம் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்னப்பா இது, பேரு மாறியிருக்கு?"

"மாறல முதலாளி. அன்னிலேந்து அதான் எழுதி கீது" என்றேன், சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி.

தகரப்பெட்டி

அன்று சாயங்காலம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரெஜினா பிலோமியின் வெள்ளை உடையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, முதலாளி முகம் போன போக்கை மூன்றாம் தரமாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. தகரப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பிலோமியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கோயிலில் கேட்டு வாங்கின ஞானஸ்நானச் சான்று. நான் வேலைக்குப் போயிருந்ததால் அவள்தான் போய் வாங்கி வந்தாள். அதிலும் ஞானத் தகப்பன் சூசை என்று எழுதியிருந்தது.

"இது உனக்கு அப்பவே தெரியுமா?"

"அஞ்சாங்கிளாஸ் வரிக்கும் பட்ச்சிருக்கேனே."

"கயிறு அறுந்ததுக்கு அடுத்த வருசம் இது. அப்ப ஏன் சொல்லல? நான் ஊரெல்லாம் அந்த ஆளு பேரச் சொல்லிகினு திரிஞ்சேனே, பாத்துகினு சொம்மா இருந்தியே?"

அவள் உடையை மடித்து முடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே கோயிலுக்குப் போயி, மொதலாளி பேர மாத்தி எய்தச் சொல்லிக் கேட்டிருப்பேய்யா நீ."

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தேன். போயிருப்பேன். சாமியாரின் கையைக் காலைப் பிடித்தாவது, சூசை பெயரை அடிக்கச் சொல்லியிருப்பேன்.